கருட வருகை உபகமிட்டி

தெய்வத்தை வரவழைப்பது அந்தக் கால ரிஷிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. காட்டுக்குப் போக வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், உடம்பைச் சுற்றிப் புற்று வளர்கிறவரை பொறுத்திருக்க வேண்டும். இந்த அநாகரிகமான தாமதங்களையெல்லாம் ஒழித்துக்கட்டி, ஒரு உபகமிட்டி, ஒரு கெடு தேதி, ஒரு பொறுப்பாளர் என்கிற நவீன முறையில் வைகுண்டத்திலிருந்தே ஆள் இறக்கிக் காட்டிய பெருமை, நியூ ஜெர்சி மேப்பிள் ஹாலோவில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ வைகுண்டநாதப் பெருமாள் கோயில் நிர்வாகக் கமிட்டியைத்தான் சேரும். இது இன்னும் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் ஏறவில்லை. பொறாமைதான் காரணம், வேறென்ன?

அந்தப் பொறுப்பாளரின் பெயர் வெள்ளியங்கிரி. கோயமுத்தூர்ப் பக்கம் அன்னூர்க்காரர். டெலிபோன் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, பிரிட்ஜ்வாட்டரில் வீடு, ஒரு மினிவேன். பேச்சு குறைவு. கமிட்டிகளில் பேச்சுக் குறைந்தவர்களுக்கு வேலை அதிகம் என்பது அவருக்கு அமெரிக்கா வந்து பதினோரு வருஷம் ஆகியும் தெரியாமல் இருந்தது.

கோயில் இருந்த இடம் முன்பு ஒரு குதிரைப் பண்ணை. குதிரை லாயத்தை மட்டும் இடிக்காமல், கார்ப்பெட் போட்டு, கமிட்டி மீட்டிங் ஹால் ஆக்கியிருந்தார்கள். குதிரைகள் இருந்த காலத்தில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை என்று பக்கத்துச் சோளக்காட்டுக்காரர் சொல்வதாகக் கேள்வி. அவருக்கு நம் கலாச்சாரம் புரியாது, விட்டுவிடலாம்.

1999 மார்ச்சில் அந்த ஹாலில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஜூன் மாதம் கும்பாபிஷேகம். எல்லாம் தயார். பந்தல் தயார், நாதஸ்வரம் தயார், போர்ட்டபிள் டாய்லெட் தயார். அப்போது கமிட்டி சேர்மன் டாக்டர் சுந்தரராமன் ஒரு வீடியோ காஸெட்டைப் போட்டுக் காட்டினார். டாக்டர் குடல் வைத்திய நிபுணர். யார் வயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று டியூப் விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்பதால் ஊரில் அவருக்குத் தனி மரியாதை.

காஸெட்டில் டெக்ஸாஸில் ஏதோ ஒரு கோயில். கோபுரத்துக் கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேலே ஒரு பறவை மூன்று சுற்றுச் சுற்றுகிறது. கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

"பாத்தேளா? டெக்ஸாஸ்ல வந்திருக்கு. மாடு மேய்க்கற ஊர். அங்க வர்ற கருடன் நம்மகிட்ட வராதா?" என்றார் டாக்டர்.

"வரும் ஸ்வாமி," என்றார் கோயில் அர்ச்சகர் பட்டர், மூலையிலிருந்து. "சம்ப்ரோக்ஷணம், அதான் கும்பாபிஷேகம்னா கருடன் தானா வருவார். கூப்பிட வேண்டியதில்லை."

"தானா வரும்கறதெல்லாம் ஒரு ப்ளானா பட்டரே? கேட்டரிங்கையும் தானா வரும்னு விட்டுடலாமா?"

செக்ரட்டரி ஜலஜா லேப்டாப்பைத் திறந்தார். அவர் ஒரு பெரிய பேங்க்கில் ப்ராஜெக்ட் மேனேஜர். ரிஸ்க் என்று எங்காவது வாசனை வந்தால் போதும், சாப்பாட்டையும் விட்டுவிட்டு வந்துவிடுவார். "ரிஸ்க் ஐட்டமா போடறேன். கருடன், நோ ஷோ. இம்பாக்ட், வெரி ஹை. இதுக்கு ஓனர் யாரு?"

ஓனர் யாரு என்ற கேள்வி வந்தால் மேப்பிள் ஹாலோவில் எல்லோரும் ஒரே சமயத்தில் கார்ப்பெட்டின் டிசைனை ரசிக்க ஆரம்பிப்பார்கள். அன்றும் ரசித்தார்கள். சமையல்கட்டுக்குக் காய்கறி ஆர்டர் எவ்வளவு என்று கேட்க வந்து, வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த வெள்ளியங்கிரிக்கு இந்த மரபு தெரியாது.

"எங்கூட்டுக்குப் பின்னால மரத்துல ஒண்ணு வந்து உக்காருமுங்க," என்றார். "பாக்கறதுக்குக் கருடனாட்டவே இருக்கும்."

ஜலஜாவின் விரல்கள் அந்த வாக்கியம் முடியுமுன்பே டைப் அடித்து முடித்துவிட்டன. 'கருட வருகை உபகமிட்டி. தலைவர், உறுப்பினர், பொறுப்பாளர்: திரு. வெள்ளியங்கிரி.' ஏகமனதாக நிறைவேறியது.

மீட்டிங் முடிந்ததும் வெள்ளியங்கிரி டாக்டரைப் பார்க்கிங் லாட்டில் பிடித்தார். அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஆசை இதுதான். கும்பாபிஷேகத்தன்று விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, அதன் உச்சியில் பலகை போட்டு, பட்டருடன் ஏழெட்டுத் தம்பதிகள் மட்டும் நிற்பார்கள். கலசத்தில் தண்ணீர் விழுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பார்கள். அந்த இடம் பெரிய பெரிய டோனர்களுக்கு. வெள்ளியங்கிரியின் மனைவி நாகமணி எட்டு வருஷமாக இந்தக் கோயிலில் ஞாயிறு தவறாமல் புளியோதரை கிளறுகிறவள். பெருமாளுக்குத் திரை விலகும் நேரமெல்லாம் அவள் அடுப்படியில்தான் இருப்பாள். மணிச் சத்தம் கேட்டதும் கரண்டியோடு அங்கிருந்தே ஒரு கும்பிடு. ஒருநாள் 287-ஆம் ஹைவேயில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஏனுங்க, ஒருக்கா மேல நின்னு அந்தத் தண்ணி ஊத்தறதப் பக்கத்துல பாத்துட்டாப் போதுமுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். அன்றைக்கு வெள்ளியங்கிரி இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டார். அந்த வார்த்தை அவர் நெஞ்சில் அப்படிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"டாக்டர், ஒரு வேண்டுகோளுங்க. என்ற சம்சாரம்..."

டாக்டர் முழுக்கக் கேட்டார். தோளில் கை வைத்தார். "வெள்ளியங்கிரி, நீங்க கருடனைக் கொண்டுவாங்கோ. நீங்களும் உங்க மிசஸும் மேல, என் பக்கத்துல நிக்கறேள். இது என் வார்த்தை."

அன்றிலிருந்து வெள்ளியங்கிரி தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அண்ணாந்தே இருந்தார்.

முதலில் வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தப் பறவை. கவுன்ட்டி லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் பார்த்தார். சிவப்பு வால் பருந்து என்று போட்டிருந்தது. செம்மண் நிறம், வெள்ளை மார்பு. தூரத்தில் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் கருடனேதான். அது வீட்டு மரத்தைவிட 287-ன் விளக்குக் கம்பத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்தது. வெள்ளியங்கிரியும் ஆபீஸ் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி, பைனாகுலரும் கையுமாக நின்றார். ஹைவே போலீஸ் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தது. கடவுளின் வாகனத்துக்காகக் காத்திருப்பதாக வெள்ளியங்கிரி இங்கிலீஷில் பணிவாகச் சொன்னார். போலீஸ்காரர் அந்த வண்டி என்ன மாடல், எங்கே பிரேக்டவுன் ஆகி நிற்கிறது, டோ டிரக் கூப்பிடவா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். பாவம், நல்ல மனுஷன்.

பறவையின் குரலையும் பதிவு பண்ணச் சொல்லிக் கமிட்டி உத்தரவு. ஒரு சின்ன டேப் ரிக்கார்டரை வேலியோரம் வைத்து, 'கீ...யா...ர்' என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கினார். அந்தக் காஸெட் வாராவாரம் குதிரை லாயத்தில் ஒலிபரப்பானது. எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"என்ன சொல்றது பட்டரே?"

"மங்கள த்வனி ஸ்வாமி. சுபம்."

"எதுக்கு சுபம்? ஸ்பெசிஃபிக்கா சொல்லுங்கோ. பார்க்கிங் லாட் கான்ட்ராக்டுக்கா, கேட்டரிங்குக்கா?"

இரண்டு தரம் கத்தினால் சம்மதம், மூன்று தரம் கத்தினால் மறுபரிசீலனை என்று ஜலஜா ஒரு முறை வகுத்தார். அடுத்த ஐந்து வாரமும் கமிட்டி அந்தக் காஸெட்டின்படிதான் நடந்தது. கேட்டரிங் கான்ட்ராக்ட் டாக்டரின் மைத்துனருக்குப் போனதும் அந்த முறையில்தான். இரண்டே தரம், தெளிவாகக் கேட்டது.

ஆறாவது வாரம் வெள்ளியங்கிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. கத்துனது பருந்து இல்லீங்க. வேலில ஒரு நீலக் குருவி உக்காந்துட்டு, பருந்தாட்டவே மிமிக்ரி பண்ணுதுங்க. நேத்து என்ற கண்ணு முன்னாலயே வாயத் தொறந்து கத்துச்சு. புக்குலயும் போட்டிருக்குதுங்க, மத்த குருவிகள வெரட்டறக்கு அப்பிடிப் பண்ணுமாம்."

டாக்டர் எழுந்து நின்றார். தலைமைப் பண்பு என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் வெளிப்படும்.

"யார் சொன்னான்னு பாக்கக்கூடாது வெள்ளியங்கிரி. சொன்ன விஷயம் கரெக்ட்தானே?"

நீலக் குருவி மினிட்ஸில் 'ஆலோசகர்' ஆயிற்று. கான்ட்ராக்ட் மைத்துனரிடமே இருந்தது.

அசல் பருந்தோ கம்பத்தை விட்டு நகருவதாக இல்லை. அதற்கென்று ஒரு எல்லை, ஒரு கூடு, ஒரு குடும்பம். முகூர்த்தம் பார்த்து மேப்பிள் ஹாலோவரை பறந்து வர அதற்கு என்ன தலையெழுத்து? மே மாதம் பிறந்துவிட்டது. ஜலஜாவின் லேப்டாப்பில் கருடன் ஐட்டம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது.

அப்போதுதான் அவர் அந்தப் பெரிய பறவைகளைக் கவனித்தார். கோயிலுக்குப் பின்னால் காட்டின் மேலே, இறக்கையை அடிக்காமலே, கொஞ்சம் தள்ளாடினமாதிரி, வட்டம் வட்டமாக மிதந்தன. ஒன்று, இரண்டு, சில நாள் பத்துக்கும் மேல். இறக்கையை மேல் நோக்கித் தூக்கியே பறந்ததால் கீழேயிருந்து பார்க்க நாமம் போட்ட மாதிரி இருந்தது. இந்தச் செய்தி கேட்டுக் கமிட்டியில் ஆனந்தக் கண்ணீர். உடனே அந்த நாமம் வடகலையா தென்கலையா என்று சண்டை. பாதம் இல்லையே, அதனால் வடகலை என்று ஒரு கட்சி. பாதத்தைப் பறக்கும்போது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, இறங்கும்போது பாருங்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு வாரம் இதிலேயே போயிற்று.

வெள்ளியங்கிரி மட்டும் அவற்றைத் தினமும் பார்த்தார். காலையில் வெயில் வந்ததும் மரத்தில் இறக்கையை விரித்து அப்படியே நிற்கும். ஈரம் காய்ந்ததும் கிளம்பும். சத்தமே கிடையாது. கிட்டப் போனால் 'உஸ்ஸ்' என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். மொட்டைச் சிவப்புத் தலை. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் அவருக்கு அவற்றைப் பிடித்துப்போய்விட்டது. யாரையும் கொத்தாமல், யாரோடும் சண்டைக்குப் போகாமல், கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நிற்கிற ஜீவன். கமிட்டி மீட்டிங்கிலிருந்து வந்து அதைப் பார்த்தால் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

புத்தகத்தில் பெயர் பார்த்ததும்தான் அவருக்குப் பகீர் என்றது.

"டாக்டர், இது கருடன் இல்லீங்க," என்றார் அடுத்த மீட்டிங்கில். "பொணந்தின்னிக் கழுகுங்க. இந்த ஊர்க்காரங்க பஸ்ஸர்ட்னு சொல்றது இதத்தான். செத்ததோட வாடை புடிச்சு வருமுங்க."

"மினிட்ஸ்ல அந்த வார்த்தை வேண்டாம்," என்றார் ஜலஜா, பதறிப்போய்.

"எந்த வார்த்தைங்க?"

"நீங்க சொன்னதுல எல்லா வார்த்தையும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊருக்கு ஊர் பேர் மாறும். இங்க பஸ்ஸர்ட்ம்பான். வட அமெரிக்கக் கருடன்னு போட்டுக்கோ ஜலஜா. ஆமாம், அது என்ன குரல்ல கத்தும்?"

"குரலே இல்லீங்க. ஊமை."

"ஊமை இல்லை, மௌனம். ஞானிகளோட நிலை. இல்லையா பட்டரே?"

அர்ச்சகர்களுக்குக் கொடுக்கும் ஆர்-ஒன் விசா பட்டருக்கு அடுத்த மாதம் ரின்யூவல். கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். "ரொம்ப உசந்த நிலை ஸ்வாமி," என்றார்.

"சரி. முகூர்த்த நேரத்துல இது நம்ம விமானத்து மேல சுத்தணும்னா என்ன பண்ணணும்?"

வெள்ளியங்கிரிக்கு அதைச் சொல்ல இஷ்டமில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய மனுஷன். "பக்கத்துல ஏதாவது செத்துக் கெடந்தா வருமுங்க."

பார்க்கிங் லாட்டில் யாரோ முட்டை போட்ட கேக் வெட்டினார்கள் என்று ஒரு பிறந்தநாள் குடும்பத்தையே மூன்று மாதம் ஒதுக்கி வைத்த கமிட்டி அது. அந்தக் கமிட்டி இந்தப் பதிலை எவ்வளவு பக்குவமாக எதிர்கொண்டது என்பதை வருங்கால சந்ததி அறிய வேண்டும். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் காதைப் பொத்தவில்லை. ஜலஜா நிதானமாக 'இயற்கை முறை ஈர்ப்புப் பொருள், ஒன்று' என்று டைப் அடித்தார். கோயில் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தால் ஆகமம் இடிக்காது என்று முடிவாயிற்று. நியூ ஜெர்சி ரோட்டோரங்களில் அடிபட்டுக் கிடக்கும் மான்களுக்குப் பஞ்சமில்லை என்று டாக்டரே எடுத்துக்கொடுத்தார்.

"யார் கொண்டுவர்றது?" என்று ஒரு குரல்.

எல்லோரும் கார்ப்பெட்டைப் பார்க்கவில்லை. இந்தத் தரம் நேராக வெள்ளியங்கிரியைத்தான் பார்த்தார்கள்.

"ஒண்ணும் நெனச்சுக்காதீங்கோ," என்றார் டாக்டர், குரலில் தேன் தடவி. "எங்களால அதெல்லாம் கிட்டவே போக முடியாது. உங்காத்துல சிக்கன், மட்டன்னு எல்லாம் சாப்பிடறவா. உங்களுக்குப் பழக்கம் இருக்குமில்லையா?"

கடையில் தோலுரித்துப் பாலிதீன் போட்டு விற்கிற கோழிக்கும், லாரி அடித்து ரோட்டில் கிடக்கும் மானுக்கும் என்ன பழக்கம் சம்பந்தம் என்று வெள்ளியங்கிரிக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். முகம்கூடச் சுண்டிப்போயிற்று. ஆனால் 287-ல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்த நாகமணியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. "சரிங்க," என்றார்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வெயில் இன்னும் நன்றாக இருக்கையிலேயே, 202-ஆம் ரோட்டின் ஓரத்தில் ஒரு பெண் மான் கிடந்தது. வெள்ளியங்கிரி மினிவேனின் பின் சீட்டை மடக்கி, தார்ப்பாய் விரித்து, தன்னந்தனியாக இழுத்து ஏற்றினார். கனம் தாங்காமல் இரண்டு தரம் சறுக்கி விழுந்தார். அதன் கண் திறந்தே இருந்தது. "மன்னிச்சுக்க தாயி," என்றார் சத்தமாகவே. போகிற கார்கள் ஹாரன் அடித்தன. பழக்கமாம் பழக்கம்! கோயிலுக்குப் பின்னால் காட்டோரத்தில், எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இறக்கிப் போட்டார். வீட்டுக்கு வந்து கராஜிலேயே ஓஸ் பைப்பில் குளித்தார், அப்புறம் உள்ளே போய் மறுபடி சோப்புப் போட்டுக் குளித்தார்.

நாகமணிக்கு இருந்த சந்தோஷத்தில் இவர் எங்கே போனார், எப்படி வந்தார் என்றெல்லாம் கவனிக்க முடியவில்லை. அரக்குப் பட்டுப் புடவையை அயர்ன் பண்ணி, கட்டிலில் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, அவ்வளவு ஒசரத்துல நின்னாக் காலு நடுங்காதுங்களா?"

"நான் புடிச்சுக்கறேன் புள்ள."

மறுநாள் காலை வந்த மாதிரிக் கூட்டத்தை அந்தச் சோளக்காடு பார்த்ததில்லை. டெலவேரிலிருந்தெல்லாம் கார்கள். வெயில் ஏறியதும் நாலைந்து கழுகுகள் குதிரை லாயத்தின் கூரையில் வரிசையாக உட்கார்ந்து, வயிறு நிறைந்த திருப்தியில், இறக்கையை இரண்டு பக்கமும் அகல விரித்து வெயில் காய்ந்தன. கருட சேவைப் படத்தில் எப்படியோ அதே போஸ். கீழே ஜனங்கள் தரையில் விழுந்து சேவித்தார்கள். டாக்டருக்குக் கண் கலங்கியது. வீடியோக்காரரைக் கூப்பிட்டு, "டெக்ஸாஸ்ல ஒண்ணுதான்! நம்மகிட்ட அஞ்சு!" என்றார்.

வெள்ளியங்கிரி பட்டு வேஷ்டியில், நாகமணி அரக்குப் பட்டில், சாரத்து ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்கள்.

"வெள்ளியங்கிரி, ஒரு நிமிஷம்."

டாக்டர். முகத்தில் அளவில்லாத வருத்தம். அந்த வருத்தத்தை அவர் நோயாளிகள் நன்றாக அறிவார்கள்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி எமர்ஜென்ஸி மீட்டிங் போட்டோம். நீங்க அந்த மானைத் தொட்டிருக்கேள். தீட்டு. அதோட கலசத்துக்கிட்ட வர்றது ஆகமப்படி..."

"குளிச்சுட்டனுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "ரெண்டு தரம் குளிச்சனுங்க."

"ஸ்நானம் பண்ணினா போயிடும் ஸ்வாமி," என்றார் பட்டர், மேலேயிருந்து எட்டிப் பார்த்து.

"பட்டரே, ஆகமத்துல காம்ப்ரமைஸ் பண்ணலாமா?"

"கூடாது ஸ்வாமி," என்று பட்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாகமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மானுங்க? என்னத்தத் தொட்டீங்க நீங்க?"

வெள்ளியங்கிரி சொன்னார். ரோட்டையும், தார்ப்பாயையும், யார் சொல்லிச் செய்தது, எதற்காகச் செய்தது என்பதையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். கடைசி வாக்கியம் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாகமணி படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தாள். அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள், அடுப்படிக்குப் போகும்போது சொருகுகிற மாதிரி.

"தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி," என்றார் டாக்டர். "கீழ நின்னாலும் புண்ணியம் ஒண்ணுதான். வெள்ளியங்கிரிக்கு ஒரு ஸ்பெஷல் கைங்கர்யம் வெச்சிருக்கோம். கருட வர்ணனை! மைக் அவரோடது."

ஜலஜா மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, ஸ்விட்சையும் போட்டுவிட்டுப் போனார். காலியான இடத்தில் டாக்டரின் மைத்துனரும் மனைவியும் ஏறினார்கள். அவர்கள் தயாராக மாலையோடு பக்கத்திலேயே நின்றிருந்தது தற்செயல்.

முகூர்த்தம் வந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. பட்டர் குடத்தைத் தூக்கினார். தவில் சத்தத்தில் கூரைக் கழுகுகள் எழுந்து, விமானத்துக்கு நேர் மேலே, வட்டம் போட ஆரம்பித்தன. காட்டிலிருந்து இன்னும் இன்னும் வந்தன. ஆகாசமே கறுத்தது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஆயிரம் தொண்டைகள். பக்தி கரைபுரண்டு ஓடியது என்று எழுதுவார்களே, உண்மையாகவே ஓடியது. முதல் வரிசை நாற்காலிகள் நாலைந்து உடைந்தன.

அதில் ஒன்று, மற்றவற்றைவிடச் சுறுசுறுப்பானது போல, காட்டுப் பக்கமிருந்து நேராக வந்து சாரத்தின் உச்சி மூங்கிலில், டாக்டரின் தலைக்கு மேல், இறங்கி உட்கார்ந்தது. அதன் அலகிலிருந்து சிவப்பாக, நீளமாக ஏதோ தொங்கி ஆடியது.

"பாம்பு! கருடன் வாயில பாம்பு!" என்று கீழே ஒரு குரல். அவ்வளவுதான், கூட்டத்துக்கு அருள் வந்துவிட்டது. அது பாம்பு இல்லை, என்ன என்று அந்த மைதானத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது டாக்டருக்குத்தான். முப்பது வருஷமாக அதைத்தானே டியூப் விட்டுப் பார்க்கிறார். ஆனால் பக்தியின் முன் படிப்பு நிற்காது. டாக்டர் கண்ணை மூடி இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். மைத்துனரும் போட்டுக்கொண்டார்.

"வர்ணனை! வர்ணனை!" என்று ஜலஜா ஓரத்திலிருந்து கையை ஆட்டினார்.

வெள்ளியங்கிரி மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஒரு மாதமாகத் தினமும் அண்ணாந்து பார்த்த பறவைகள் அவை. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று அவருக்குத் தெரியும். மைக்கை மறுபடி இறக்கிக்கொண்டார். பக்கத்தில் அரக்குப் பட்டு நின்றுகொண்டிருந்தது, அதுதான் தாங்கவில்லை.

நாகமணி அவர் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவை. எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். எட்டு ஸ்பீக்கரிலும் ஒரு 'உஸ்ஸ்' கிளம்பி, நாதஸ்வரம் நின்றது. கூட்டம் திரும்பியது. வீடியோ காமிரா திரும்பியது. அவள் குரல் ஒன்றும் உயரவில்லை. சமையல்கட்டில் உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான்.

"டாக்டருங்க, கீழ இருந்து ஒரே ஒரு சந்தேகமுங்க. செத்த மானத் தொட்டவரு கீழ நிக்கோணும்னு சொன்னீங்க, நின்னாச்சு. அதத் தின்னுபோட்டு வந்தது உங்க தலைக்கு மேல நிக்குது, கன்னத்துல போட்டுக்கறீங்க, சரிங்க. அந்த மானக் கொண்டாந்து போடச் சொன்னவங்க எங்கீங்க நிக்கோணும்?"